கற்பிட்டி இல்லங்களின் சிறு செய்திகளும் கிணற்று நீரும்

கற்பிட்டி என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு நினைவில் எழுபவை சிலவே. ஒல்லாந்தர் 1667 ஆம் ஆண்டில் தொடங்கி 1676 ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோட்டை, கடலில் துள்ளும் டொல்பின்கள், தலவில புனித அன்னம்மாள் திருத்தலம், நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் ஆகியனவே அவை. செய்தித்தாள்களில் கற்பிட்டியின் பெயர் இடம்பெறும்போதும் இவற்றுள் ஒன்றோ, கடலில் கைப்பற்றப்பட்ட கடத்தற் பொருளோதான் பெரும்பாலும் அதற்குக் காரணமாக அமைகிறது.

ஆனால் அக்குடாநாட்டில் ஒரு குடும்பத்தின் பொழுது எவ்வாறு விடிகிறது, அடுப்பு எதை நம்பி எரிகிறது, பிள்ளை எந்த பஸ்ஸில் பாடசாலைக்குச் செல்கிறது, கிணற்று நீர் இவ்வாண்டு எப்படியிருக்கிறது என்பன தலைப்புச் செய்திகளாவதில்லை. மழை பிந்தியமை, வலை அறுந்தமை, கழுதைகள் வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குள் புகுந்தமை, வெளிநாட்டிலிருக்கும் தாய் பெருநாளைக்கு வர முடியாமற் போனமை என்பவற்றை யாரும் நிருபருக்கு அறிவிப்பதுமில்லை. இவை ஊருக்குள் பிறந்து ஊருக்குள்ளேயே பேசப்பட்டு மறைந்து போகும் சிறு செய்திகள்.

இச்சிறு செய்திகளைப் பற்றியே நாம் இங்கு எழுத விழைகிறோம். நாட்டின் பெரிய விடயங்கள் எவையாயினும், அவை ஓர் ஊரை வந்தடைவது குடும்பத்தின் சிறு நிகழ்வுகளாகத்தான். இறக்குமதிக் கொள்கை உர மூட்டையாகவும், போர் வாசலில் வந்து நிற்கும் விருந்தினராகவும், நிலத்தடி நீரின் சீர்கேடு குழந்தையின் பாற்போத்தலாகவும் வந்து சேர்கின்றன. எனவே வீட்டுச் செய்திகளைக் கேளாதவர் ஊரின் நிலையை அறிய முடியாது என்பதே எமது கருத்தாகும்.

சிறியவற்றைக் குறித்து வைத்தோர்

இக்கருத்து புதியதன்று. கற்பிட்டி மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1807 ஆம் ஆண்டில் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்களைத் தமிழிலக்கிய உலகம், 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தமிழ் புளூட்டாக்' எனும் புலவர் வரலாற்று நூலுக்காகவே பெரிதும் நினைவுகூர்கிறது. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னர், 1834 ஆம் ஆண்டில், தமது இருபத்தேழாவது வயதளவில் அவர் இலங்கையின் இடப்பெயர்களைத் தொகுத்து ஒரு விவரத்திரட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். தலைநகரங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மாத்திரமன்றிச் சிற்றூர்களுக்கும் அந்நூலில் இடமளிக்கப்பட்டது. ஊர் சிறியது என்பதற்காக அதனைப் பதிவிலிருந்து விட்டுவிடலாகாது என்ற எண்ணம், அக்காலத்தில் 'கல்பென்டைன்' என்று ஐரோப்பியர் அழைத்த இச்சிற்றூரிற் பிறந்தவருக்குத் தோன்றியது இயல்பேயாகும்.

உலகின் மறுகோடியிலும் இத்தகைய முயற்சியொன்று நடந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கிலுள்ள இந்தியானா மாநிலத்தின் மன்சி என்ற நகரை றொபேர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் எனும் தம்பதியர் 1920களின் நடுப்பகுதியில் ஆராய்ந்து, 'மிடில்டவுன்' எனும் நூலை 1929 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெருந்தலைவர்களையோ போர்களையோ அவர்கள் தேடவில்லை. மக்கள் எவ்வாறு பிழைக்கின்றனர், எவ்வாறு இல்லறம் நடத்துகின்றனர், பிள்ளைகளை எவ்வாறு பயிற்றுவிக்கின்றனர், ஓய்வை எவ்வாறு கழிக்கின்றனர், எவ்வாறு வழிபடுகின்றனர், பொதுக் காரியங்களில் எவ்வாறு ஈடுபடுகின்றனர் என்ற ஆறு கேள்விகளையே அவர்கள் கேட்டனர். சாதாரண நகரொன்றின் சாதாரண வாழ்வைச் சொன்ன அந்நூல் இன்றும் சமூகவியல் மாணவர்களாற் கற்கப்படுகிறது.

அதே கேள்விகளைக் கற்பிட்டியிடமும் கேட்கலாம். ஆயின் இங்கு ஏழாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்தாக வேண்டும். குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதே அது.

காற்றே நாட்காட்டி

வரைபடத்தில் கற்பிட்டி, பாலாவியிலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு மணல்நாக்கு. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நகருக்குச் சுமார் 40 கிலோமீற்றர் தூரம். மாம்புரி, நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை, குறிஞ்சிப்பிட்டி, கண்டக்குழி எனப் பல ஊர்கள் இக்குடாநாட்டில் உள்ளன. முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும் வாழும் இவ்வூர்களிற் சிலவற்றில் தொழில் கடலை நம்பியது. சிலவற்றில் தோட்டத்தை நம்பியது. பல குடும்பங்களில் இரண்டையும் நம்பியது.

இங்கு வாழ்வோரின் நாட்காட்டியைத் தீர்மானிப்பது காற்றாகும். மே மாதமளவில் சோளகக் காற்று வலுக்கத் தொடங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். செப்டெம்பர் வரை சிறு படகுகள் வெளிக்கடலுக்குச் செல்வது அரிது. அம்மாதங்களில் களப்பே கைகொடுக்கிறது. இறால், நண்டு, ஒரா, திரளி என்பன வீட்டுச் செலவைத் தாங்குகின்றன. வாடைக் காற்றின் காலத்தில் மேற்குக் கடல் அமைதியடைய, அறக்குளாவும் பாரையும் சூடையும் தேடிப் படகுகள் மீண்டும் வெளியே செல்கின்றன. வடக்கே பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்வோரும் உளர். சமையற் பாத்திரங்கள், அரிசி, பிள்ளையின் பாடப் புத்தகம் என அனைத்தும் படகிலேறும் காட்சி, ஊரார்க்குப் பழகிப் போன ஒன்றாகும்.

இக்காற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காற்றாடியொன்றைப் பிடித்தவாறு பலகைமேல் நின்று நீரிற் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டார் கற்பிட்டியைத் தேடி வருவது பெரும்பாலும் சோளகக் காலத்திலேயாகும். மீனவரின் படகைக் கரையிலேற்றி வைக்கும் அதே காற்று, விடுதிக்காரரின் அறைகளை நிரப்புகிறது. டொல்பின் பார்க்க வருவோரோ நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான அமைதிக் காலத்தில் வருகின்றனர். கடற்றொழிலோடு சுற்றுலாப் படகோட்டுவதையும் பழகிக்கொண்ட குடும்பத்துக்கு ஆண்டில் இருவேறு வருமானங்கள் உண்டு. வலையொன்றையே அறிந்த குடும்பத்துக்குச் சோளகம் இன்னமும் கடன் காலமாகவே இருக்கிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு வீடுகளில் ஜூலை மாதம் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வரவும் செலவும்

மீன்பிடிக் குடும்பத்தின் கணக்கு மாதச் சம்பளக்காரரின் கணக்கைப் போன்றதன்று. ஒரு நாள் கை நிறைய வரும்; பத்து நாள் வெறுங்கையாகப் போகும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. சீட்டுக் கட்டுதல், கடையில் கடன் கொப்பி வைத்தல், நகையை அடகு வைத்து மீட்டல், மீதமான மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்கி விற்றல் என இவர்களிடம் பல வழிகள் உண்டு. பொருளியல் நூல்கள் இதனை நிதி முகாமைத்துவம் என்று கூறும். கற்பிட்டியில் இதற்குத் தனிப் பெயரில்லை. இது வீட்டு வேலைகளுள் ஒன்றாகவே கருதப்படுகிறது.

தோட்டக் குடும்பத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட் என மணலிற் பயிர் விளைவிக்கும் இவர்களுக்கு விலை எனும் காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பது அறுவடை நாள் வரை தெரியாது. இறக்குமதி வெங்காயத்தின் வரி கொழும்பிற் சில ரூபாவால் மாறினாலும் அதன் விளைவு இங்குள்ள கூலிப் பெண்ணின் நாட்சம்பளம் வரை வந்து நிற்கும்.

அண்மைய ஆண்டுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை, அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் நடப்பட்ட பயிர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டில் எரிபொருள் நெருக்கடி. சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பல மண்ணெண்ணெயிலேயே இயங்குகின்றன. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. பாராளுமன்றத்தில் அது மானியச் சீர்திருத்தம் எனப் பேசப்பட்டது. கரையோர வீடுகளிலோ, 'இன்று படகை இறக்குவதா, விடுவதா?' என்ற விடியற்காலைக் கேள்வியாக அது வந்து சேர்ந்தது.

இந்நிலையில் பல குடும்பங்கள் மத்திய கிழக்கை நோக்கியதில் வியப்பில்லை. தந்தையோ தாயோ அங்கு தொழில் புரிய, பிள்ளைகள் பாட்டியிடம் வளரும் வீடுகளை இக்கரையெங்கும் காணலாம். ஒலிநாடாவிற் குரலைப் பதிந்து, ஊருக்குத் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பிய காலம் ஒன்றிருந்தது. இன்று கைப்பேசியின் திரையில் முகம் தெரிகிறது. பிள்ளைக்குச் சோறூட்டும் வேளையில் உம்மா திரையிலிருந்து கதை சொல்கிறார். தூரம் குறைந்துவிட்டதாகத் தோன்றினும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது பாட்டியின் கைதான். அனுப்பப்படும் பணம் புதிய வீட்டின் சுவராக எழுகிறது என்பதும் உண்மை. அச்சுவருக்குள் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது என்பதும் உண்மை.

பாடசாலையும் பண்டிகையும் அயலும்

ஒரே ஒழுங்கையில் வசிக்கும் பிள்ளைகளின் விடுமுறைகள் கூட இங்கு ஒன்றல்ல. ரமழான் மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை; தமிழ், சிங்களப் பாடசாலைகள் வழமைபோல் நடைபெறும். ஒருவன் சீருடையணிந்து பஸ்ஸுக்கு நிற்க, அவனது விளையாட்டுத் தோழன் நோன்பு வைத்துத் திண்ணையிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அஸர் தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசலிற் கஞ்சி வழங்கப்படும் வேளையில், பாத்திரத்துடன் நிற்கும் சிறுவர்களுள் அயல் வீட்டுப் பிள்ளையும் இருப்பதை யாரும் விந்தையாகக் கருதுவதில்லை.

தலவிலயிலும் இவ்வாறே. மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலுமாக ஆண்டில் இருமுறை நடைபெறும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் திரள்கின்றனர். கத்தோலிக்கர் மாத்திரமன்றி ஏனைய மதத்தவரும் வருகின்றனர். அந்நாட்களில் பஸ் வண்டிகளில் இடம் கிடையாது. கடைக்காரருக்கு ஓய்வு கிடையாது. கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் மூத்தோரின் நாவிற் தமிழும் இளையோரின் நாவிற் சிங்களமுமாக இரு மொழிகள் ஒரே கூரையின்கீழ் புழங்குவதையும் நீர்கொழும்பு முதல் இப்பகுதி வரை காணக்கூடியதாக உள்ளது. ஒரு தலைமுறைக்குள் பாடசாலை மொழி மாறியதன் அடையாளம் அது.

இவ்வூரின் அயலுறவைப் பற்றிப் பேசுகையில் 1990 ஆம் ஆண்டைப் பேசாதிருக்க முடியாது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்தது புத்தளம் மாவட்டத்திலேயாகும். மன்னார்ப் பகுதியிலிருந்து படகேறிய பல குடும்பங்கள் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கின. அன்று வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களுக்காகத் திறக்கப்பட்டன. ஒரு வீட்டின் அரிசிப் பானை இரண்டு குடும்பங்களுக்கு உலையேறியது. சில வாரங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களும் எண்ணினர், வரவேற்றவர்களும் எண்ணினர். வாரங்கள் ஆண்டுகளாயின. கிடுகுக் கொட்டில்கள் கல்வீடுகளாயின.

இத்தகைய நீண்ட விருந்தோம்பலில் மனத்தாங்கல்களும் எழாமலில்லை. தோட்டக் கூலி குறைந்தது, பாடசாலையில் இடம் போதவில்லை, கிணற்றடியில் வரிசை நீண்டது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 'வந்தவர்', 'இருந்தவர்' என்ற சொற்கள் பிறந்தன. எனினும் திருமணங்களும் நடந்தன. கடைகளிற் கூட்டு வாணிபமும் நடந்தது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் சிலர் திரும்பிச் சென்றனர். பலர் இங்கேயே தங்கினர். இரண்டு ஊர்களிலும் கால் வைத்து வாழ்வோரும் உளர். தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் இவ்வரலாற்றைத் தத்தமது வலியோடு நினைவுகூர்கின்றனர். அரசியல் மேடைகளில் தீராத இவ்விடயத்தில், ஒரு வாளித் தண்ணீரைப் பகிர்ந்துகொண்ட அயலவர்களின் நடத்தை, இரு சமூகத்தாரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றாகும்.

மணலுக்கடியில் இருக்கும் நன்னீர்

பகிரப்பட்ட அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை இனி நோக்குவோம். கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறில்லை. பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையே நன்னீரின் ஊற்று. மழைநீர் மணலினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் சற்று இலேசானது. கடல்நீர் சற்றுக் கனமானது. ஆதலால் எண்ணெய் நீரின்மேல் நிற்பதைப் போன்று இங்கு நன்னீர் உப்புநீரின்மேல் நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லையின் வடிவில் அது அமைந்துள்ளது.

இந்த அமைப்பில் ஓர் எளிய கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கோட்பாட்டளவில் அதன் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம். இதன் மறுபக்கமே கவலைக்குரியது. மிகையாக இறைப்பதால் மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், நாளடைவிற் கீழிருந்து உப்புநீர் பல மடங்கு உயர்ந்து வர இடமேற்படுகிறது. கையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குப் பாதுகாப்பாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

உப்பேறினால் அதனை நாவு உடனே அறிந்துகொள்ளும். தேநீர் கரிக்கிறது என்று வீட்டில் முறைப்பாடு எழும், பருப்பு வேக நேரமெடுக்கும், சவர்க்காரம் நுரைக்காது. ஆனால் நாவு அறியாத மற்றொன்றும் இங்குள்ள நீரிற் சேர்கிறது. அதுவே நைத்திரேற்று. மணல் உரத்தைப் பிடித்து வைத்திருக்காது. இடும் உரத்தின் ஒரு பகுதியைப் பயிர் எடுத்துக்கொள்ள, எஞ்சியது அடிக்கடி பாய்ச்சும் நீரோடும் பின்னர் மழையோடும் கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அதனோடு கூடுகிறது. அதே நீரே மீண்டும் கிணற்றில் ஊறி வருகிறது.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனம் குறிக்கும் மேலெல்லை. கற்பிட்டிப் பகுதியில் செறிவாகப் பயிர் செய்யப்படும் இடங்களிலுள்ள கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை தாண்டப்பட்டிருப்பதை 1990கள் முதல் பல ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். இது எல்லாக் கிணறுகளுக்கும் பொருந்துவதன்று. தோட்டத்திலிருந்து விலகிய வீட்டுக் கிணறொன்று நன்றாக இருக்க, வெங்காயப் பாத்திகளின் நடுவேயுள்ள கிணறு கெட்டிருக்கலாம். எது நல்லது, எது கெட்டது என்பதைப் பார்த்தோ சுவைத்தோ முகர்ந்தோ அறிய முடியாது. பரிசோதனையொன்றே அதற்கு வழி.

இதனால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவர்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள். அதிலும், பால்மா கரைத்து ஊட்டப்படும் குழந்தைகள். நைத்திரேற்று மிகுந்த நீர் அக்குழந்தையின் உடலிற் சேரும்போது, இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஆற்றல் குறைகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 'நீலக் குழந்தை' நோய் என்று இதனைக் கூறுவர்.

இங்கே தாய்மார் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு முக்கிய விடயம் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாத் தீங்கும் நீங்கிவிடும் என்று நாம் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறோம். கிருமிகளைப் பொறுத்தவரையில் அது சரியே. ஆனால் நைத்திரேற்று கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். பிள்ளையின் நன்மைக்கென நெடுநேரம் கொதிக்க வைக்கும் தாய், அறியாமலே எதிர்மாறானதைச் செய்துவிடக் கூடும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர் உட்பட, தேவையில்லை என்ற வைத்திய அறிவுரை எல்லா ஊர்களுக்கும் உரியதாயினும், கற்பிட்டிக்கு இரட்டிப்பாக உரியது. தாய் வெளிநாட்டிலிருக்கப் பாட்டி பால்மா கரைக்கும் வீட்டில் இவ்விடயம் மேலும் கூர்மையடைகிறது. தொழில், புலம்பெயர்வு, உரம், நீர் என வேறு வேறாக ஆராயப்படும் விடயங்கள் யாவும் அந்தப் பாற்போத்தலில் ஒன்றுசேர்கின்றன.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் கூறுவதன் நோக்கம் தோட்டக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதன்று. மணலில் உரமின்றி விளைச்சல் இல்லை. விளைச்சலின்றி அடுப்பு இல்லை. உரத்தை ஒரே இரவில் நிறுத்துவது எத்தகைய விளைவைத் தரும் என்பதை 2021 ஆம் ஆண்டு நாடே கண்டது. ஆனால் ஒரே தடவையில் அள்ளி இடுவதை விடப் பயிரின் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக இடுதல், தேவைக்கு மேல் நீர் பாய்ச்சாதிருத்தல், மண்ணிற் சேதனப் பசளையைக் கூட்டுதல் ஆகியன உரச் செலவையும் குறைக்கும், கிணற்றையும் காக்கும். இதற்கு விவசாயப் போதனாசிரியர்கள் தோட்டத்துக்கே செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, குடிநீர்க் கிணறுகளைக் கிரமமாகப் பரிசோதிக்க வேண்டும். வரட்சியின் இறுதியில் ஒரு முறையும், மழையின் பின்னர் ஒரு முறையும் என ஆண்டுக்கு இருமுறை செய்தல் நன்று. அதனினும் முக்கியமானது, முடிவுகளை அலுவலகக் கோவைகளில் வைத்துவிடாது மக்களுக்கு அறிவித்தலாகும். கிராம உத்தியோகத்தரின் அறிவித்தற் பலகையிலும், பள்ளிவாசலிலும், தேவாலயத்திலும், கோவிலிலும், தமிழிலும் சிங்களத்திலும் அவை எழுதி வைக்கப்படுமாயின், எந்தக் கிணற்றில் குடிக்க அள்ளுவது, எதில் குளிக்க அள்ளுவது என்பதைக் குடும்பங்களே தீர்மானித்துக்கொள்ளும். கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், அவ்வீட்டுக் கிணற்றைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

மூன்றாவதாக, குடாநாட்டுக்கென வகுக்கப்படும் பெருந்திட்டங்கள் அனைத்தும் இந்த நீர்வில்லையின் அளவை முதலிற் கருத்திற் கொள்ள வேண்டும். 2011 ஆம் ஆண்டில் முதலாவது அலகும் 2014 ஆம் ஆண்டில் ஏனையவும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் மின்னிலையம் நாட்டுக்கு ஒளி தருகிறது. தீவுகளையும் கரையையும் சுற்றுலாவுக்கென அபிவிருத்தி செய்யும் திட்டங்களும் பேசப்பட்டு வந்துள்ளன. விடுதியொன்றின் நீச்சற் குளமும் வெங்காயத் தோட்டமும் வீட்டுக் கிணறும் பெரும்பாலும் ஒரே நிலத்தடி நீரைத்தான் நம்பியுள்ளன. அதனைப் பங்கிடுவது யார், எந்த அளவில் என்பதை இயந்திரங்களின் வலுவுக்கு விட்டுவிடலாகாது.

நான்காவதாக, பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்கள் தத்தமது வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதமொருமுறை கயிற்றால் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். அதனருகே அம்மாதம் வீட்டில் நடந்த சிறு செய்திகளையும் எழுதட்டும். மழை எந்நாளிற் பெய்தது, எந்நாளிற் படகு இறங்கவில்லை, வெங்காயம் என்ன விலை போயிற்று என்பன போதும். பத்தாண்டுகளின் பின்னர் அக்கொப்பிகள், எந்தத் திணைக்களத்திடமும் இல்லாத ஒரு பதிவாக அமையும். சைமன் காசிச்செட்டி பிறந்த ஊரின் பிள்ளைகளுக்கு இது அரிய காரியமன்று.

கற்பிட்டிக் கோட்டையின் சுவர்கள் மூன்றரை நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்கவும் பாதுகாக்கவும் ஆட்கள் உளர். அதே மணலின் கீழ் நிற்கும் நன்னீருக்கு அத்தகைய காவல் இல்லை. அதன் நிலையை முதலில் அறிபவர்கள் விடியற்காலையில் வாளியை இறக்கும் பெண்கள். அவர்கள் சொல்வதைச் செய்தியாகக் கருதி, உரிய அதிகாரிகள் இம்மழைக்கு முன்னரேனும் முதலாவது பரிசோதனையைத் தொடங்குவார்களாயின், அது அக்குடாநாட்டின் குழந்தைகளுக்குச் செய்யும் பேருதவியாக இருக்கும்.